அக்காவின் ஜீப்பும் அஞ்சு முப்பத்தெட்டும்

ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எங்கள் ஜீப் நின்றுவிட்டது. நின்றதோடு விட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது.

“கல்லு! கல்லு போடுடி!” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்கா கத்தினாள்.

பின்பக்கம் உட்கார்ந்திருந்த நான் குதித்தேன். மடியில் தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டி. அதை எங்கே வைப்பது என்று யோசிக்க நேரமில்லை. அதோடு சேர்ந்தே குதித்தேன். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கல். கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் காற்று முழுக்க க்ளட்ச் கருகிய நாற்றம். காய்ந்த மிளகாயோடு பழைய செருப்பையும் சேர்த்து வறுத்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு மாடு ஏறி வந்தது. பின்னால் அதை ஓட்டிக்கொண்டு ஒரு பெண். மாடு ஜீப்பைச் சுற்றிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முந்திப் போனது.

“டாக்டரம்மா, எங்க ஊருக்குத்தான வர்றீங்க?” என்றாள் அந்தப் பெண். “நாங்க முன்னாடி போயி சொல்லிடறோம். நீங்க மெதுவா வாங்க.”

அக்கா கால்நடை மருத்துவர். அந்த மாட்டுக்குத்தான் ஊசி போடப் போய்க்கொண்டிருந்தாள். நோயாளி நடந்து போகிறது. டாக்டர் வண்டியில் நிற்கிறாள். நான் சிரித்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, “இது இந்த மலை ஏறலன்னா நான் கீழ்பென்னாத்தூருக்கு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்” என்றாள்.

என் சிரிப்பும் நின்றது.

காரணம் இது. அக்காவுக்கு மேலே மலையில் வேலை. இடமாறுதல் கேட்கும் காலம் வந்திருந்தது. கீழ்பென்னாத்தூரில் ஓர் இடம் காலி. எங்கள் நிலமும் உறவும் இருக்கிற ஊர். வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கச்சேரி முடிவதற்குள் போய்விடலாம். “கேளு, கேளு” என்று அம்மா காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மருந்து கொடுப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கோ மலை பிடித்துவிட்டது. மலையில் தினமும் ஏறி இறங்க, அங்கிருந்து மண்பாதையில் உள்ளூர்களுக்குப் போக, ஜீப் வேண்டும். ஜீப் இருந்தால் மலை, இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூர். விஷயம் அவ்வளவுதான்.

டயர் வந்த கதை

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள், வண்டி விஷயம் என்றாலே வம்பு என்னால்தான் வந்திருக்கும் என்று நினைப்பார்கள். நியாயம்தான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, வேங்கிக்கால் வீட்டு மாடியில் உட்கார்ந்து, எந்த நாட்டிலோ எந்த மெஷினிலோ மாட்டப்போகிற திருகாணியைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள் நான். கை சும்மா இருக்காது. வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டியதைப் பற்றிப் போன மாதம்தான் எழுதினேன்.

ஆனால் டயர் விஷயத்தில் நான் பச்சைக் குழந்தை. அது முழுக்க முழுக்க அக்காவின் காதல்.

பழைய ஜீப் அது. பழைய டயர், சின்ன டயர். மலைமேல் மண்பாதையில் கல்லில் அடிவயிறு இடிக்கும். மழை பெய்தால் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அக்கா போனில் ஒரு படம் காட்டினாள். முதலை முதுகு மாதிரி பட்டை பட்டையாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு டயர்.

“பாருடி, இன்னா அழகு!”

அக்காவைப் பெண் பார்க்க வந்த யாரைப் பற்றியும் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டயர் வந்தது. ஐந்து வேண்டும், நாலுதான் கிடைத்தது. அதனால் ஸ்டெப்னி மட்டும் பழைய சின்ன டயராகவே பின்னால் தொங்கியது. யானைக்குப் பூனை வால் மாதிரி. மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது. அம்மாவும் வந்து பார்த்தாள். ஏறுவதற்காகக் காலைத் தூக்கினாள். எட்டவில்லை. முக்காலி கொண்டுவரச் சொன்னாள்.

“உங்க அக்கா வண்டியா வாங்கியிருக்கா? மொட்ட மாடிக்கு சக்கரம் வச்சிருக்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மண்பாதையில் அந்த டயர் ராஜநடை நடந்தது, மறுக்கவில்லை. கல்லாவது சேறாவது! ஆனால் மண்பாதைக்குப் போய்ச்சேர, முதலில் தார் ரோட்டில் மலை ஏற வேண்டும். அங்கேதான் நான் கல்லோடும் பெட்டியோடும் நின்றேன்.

பாய் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல

போளூர் ரோட்டில் அன்வர் பாயின் ஷெட். ஜீப் என்றால் திருவண்ணாமலையில் அவர்தான் என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொல்வதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை.

ஜீப்பை விட்டதும் இன்ஜின் சத்தத்தைப் பத்து எண்ணும் நேரம் கேட்டார். “டீசல் பம்பு” என்றார். “கண்ண மூடினு சொல்றேன்.”

“கண்ணத் தொறந்து பாருங்க பாய். டயர் எவ்ளோ பெருசுனு” என்றேன்.

“டயரா? டயர் பெருசானா வண்டி நல்லா ஓடும் பாப்பா. சின்னப் பசங்க சைக்கிள் மெதுவா போது, பெரியவங்க சைக்கிள் வேகமா போது. எதுனால?”

“மேட்டுல எது ஈசியா ஏறுது?”

பாய் டீ சொல்லி அனுப்பினார். பதில் தெரியாதபோது அவர் டீ சொல்லுவார்.

இங்கே ஒரு நிமிஷம். வண்டி பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்துவிடலாம். ஆனால் குதித்தால் எங்கள் வீட்டுச் சண்டை புரியாது. இன்ஜினிலிருந்து வரும் நீளத் தண்டு ஒன்று அச்சுக்குப் போகிறது. அச்சின் நடுவில் ஓர் உருண்டை. அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள்: தண்டின் முனையில் சின்னது, பினியன், அதோடு பல் கோத்துக்கொண்டு பெரியது, கிரவுன். எங்கள் ஜீப்பில் தண்டு நாலேகால் தடவைக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஷெட் பாஷையில் ‘நாலு இருபத்தேழு’.

இப்போது டயரைப் பெரிதாக்குங்கள். அதே ஒரு சுற்றில் வண்டி இன்னும் அதிக தூரம் போக வேண்டும். இன்ஜின் அதேதான், வேலை மட்டும் ஜாஸ்தி. சமதரையில் சமாளிக்கும். மேட்டில் மூச்சு வாங்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு இன்னும் அதிக தடவை சுற்றுவது மாதிரி வேறு கிரவுன் பினியன் போட வேண்டும். எது என்பது, டயர் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

“லோ கியர் இருக்குதே, அதப் போட்டுனு ஏறலாமே” என்று அக்கா கேட்டாள். போடலாம். ஆனால் லோ கியரில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் அது சாமர்த்தியம், தார் ரோட்டு வளைவில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும். தவிர, அந்த நடையில் மலை முழுக்க ஏறினால் ஐஸ் பெட்டியில் இருப்பது ஊசி மருந்தாக இருக்காது, வெந்நீராக இருக்கும்.

“ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க” என்றாள் அக்கா. “டயர்தானானு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதச் சொல்லு.”

சொன்னேன். மீட்டர் எண்ணுவது தண்டு சுற்றுவதைத்தான். டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. அதனால் நிஜத்தைவிடத் தூரத்தைக் கம்மியாகக் காட்டும். தெரிந்த தூரம் ஒன்றை ஓட்டி, மீட்டர் எவ்வளவு கம்மியாகக் காட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

“தெரிஞ்ச தூரம்னா?” என்றாள் அக்கா.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “இது ஒரு கேள்வியா டாக்டரம்மா? மலைய ஒரு சுத்து சுத்துங்க.”

மலையால் அளக்கிற ஊர்

எங்கள் திருவண்ணாமலையில் எல்லா அளவும் ஊர் மலையில் தொடங்கி அதிலேயே முடியும். வீடு எங்கே என்றால் ‘கிரிவலப் பாதைக்கு உள்ளயா, வெளியயா’ என்று கேட்பார்கள். புதுச் செருப்பு கடிக்கிறதா என்று பார்க்க ஒரு சுற்று. சென்னையில் என்னோடு படித்த ஒருத்தி, எடை குறைய ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறாள் என்று சொன்னபோது, நான் யோசிக்காமல் “அக்னி லிங்கத்துலருந்து நிருதி லிங்கம் வரைக்கும்” என்று சொல்லி அவளைத் திகைக்க வைத்திருக்கிறேன். கிரிவலப் பாதையில் வரிசையாக வரும் எட்டு லிங்கங்களில் இரண்டு அவை.

மலைச் சுற்று பதினாலு கிலோமீட்டர். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பிறக்கும்போதே தெரியும் என்று நினைக்கிறேன். போனில் தூரம் பார்த்திருக்கலாம்தான். ஆனால் போன் சொன்னால் பாய் நம்ப மாட்டார். மலை சொன்னால் மறுக்க மாட்டார். எனக்கு வேண்டியது அவர் மறுக்க முடியாத சாட்சி.

என் கணக்குப்படி மீட்டர் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டி நிற்க வேண்டும்.

அக்கா ஓட்டினாள். பக்கத்தில் பாய். பின்னால் நான். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். ஒரு திருகாணியின் தலை அறுகோணமா, வட்டமா என்று ஒருவர் என்னிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு காதில் விரலை வைத்துக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். இந்திர லிங்கத்தில் குனிந்தவள் நிமிர்ந்தபோது ஈசானிய லிங்கம் தாண்டிவிட்டோம். அறுகோணம் என்று முடிவாகியிருந்தது.

புறப்பட்ட இடத்துக்கே வந்து அக்கா நிறுத்தினாள். மூன்று தலையும் மீட்டருக்கு மேலே குனிந்தன.

பதினாலு.

“அப்படிப் போடு!” என்று பாய் தொடையில் தட்டினார். “மலையே சொல்லிடுச்சு பாப்பா. டயர்ல ஒண்ணும் இல்ல. பம்பு!”

அக்கா டயரை, ஊர்ப்பழியிலிருந்து தப்பித்த பிள்ளையைத் தடவுவதுபோல, தடவிக்கொடுத்தாள். “நான் அப்பவே சொன்னேன். இதுங்க மேல எந்தத் தப்பும் இருக்காதுனு.”

மலை பதினாலு, மீட்டர் பதினாலு. நான் படித்த காலேஜை மூடிவிடலாம் என்று தோன்றியது.

பாய் பம்பைக் கழற்றினார், கழுவினார், மாட்டினார். இன்ஜின் சத்தம் தேன் மாதிரி ஆனது. தேன் மாதிரி சத்தத்தோடு அக்கா ஜவ்வாது மலைக்குப் போனாள். பழைய வளைவுக்கு ஒரு வளைவு முன்னாலேயே நின்றது.

எட்டில் ஒன்று

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா தோசை போட்டுக்கொண்டே இருந்தாள். தோற்றவர்களுக்கு எங்கள் வீட்டில் தோசை மொறுமொறுப்பாக வரும்.

“நாளைக்கு எழுதிக் குடுத்துடு” என்றாள் அம்மா. “கீழ்பென்னாத்தூர்ல மட்டும் மாடு இல்லயா? அதுக்கும் நாலு காலுதான்.”

“சரிம்மா” என்றாள் அக்கா.

அக்கா ‘சரிம்மா’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மாவுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. பேச்சை மாற்றினாள். “ஏண்டி, வண்டியில கிரிவலம் வந்தீங்களாமே. புண்ணியம் யாருக்கு? உனக்கா, டயருக்கா?”

“கிண்டல் பண்ணாதம்மா. நான் மொறையாத்தான் சுத்துனேன்” என்றாள் அக்கா, ரோஷமாக. “பௌர்ணமிக்கு மொதநாளு இல்ல? போலீஸ்காரரு கம்பி போட்டு வண்டியெல்லாம் திருப்பி விட்டுனு இருந்தாரு. ரெண்டு தெரு பின்னாடி போயி வேற வழியா உள்ள வாங்கனு சொன்னாரு. பாதி கிரிவலத்துல பின்னாடி போறதா? இடஞ்சுத்தா சுத்துனா எம லிங்கத்துக்கு யாரு பதில் சொல்றது? பாய் கூட ‘திரும்பாதீங்க டாக்டரம்மா, ஊர் மொற’னாரு. நேரா பைபாஸ் போயி, அந்தாண்ட சுத்தினு வந்து சேந்துக்கினேன்.”

என் தோசை கைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“பைபாஸா? எப்போ?”

“நீ அந்த ஆணி ஆள்கிட்ட பேசினு இருந்தியே, அப்போ.”

“அக்கா, அந்தாண்ட சுத்தினா ரெண்டு கிலோமீட்டர் ஜாஸ்தி!”

“ரெண்டு ஜாஸ்தினா சாமி கோச்சுக்குமா?”

“சாமி கோச்சுக்காது. மீட்டர் கோச்சுக்கும். நாம போனது பதினாலு இல்ல, பதினாறு. அத அது பதினாலுனு காட்டியிருக்குது!”

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும், தடுப்பைப் பார்த்ததும் இரண்டு தெரு திரும்பி வந்திருப்பார்கள். பக்தியால் ஒரு டீசல் பம்பைக் கழற்றிய ஊர் எங்களுடையது மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் சாட்சி எடுத்தேன். மலையை நம்பியது போதும். பழைய ஸ்டெப்னியைக் கழற்றி, அதன் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு. ஜீப்பின் புது டயரில் ஒரு கோடு. எதிர்வீட்டுக் கோலத்தை மிதிக்காமல் இரண்டையும் உருட்டி, அம்மாவின் தையல் டேப்பால் தரையை அளந்தேன். பழைய சக்கரம் எட்டுச் சுற்றில் போகிற தூரத்தை, புதியது ஏழிலேயே போய்விடுகிறது.

“அதாவது, அஷ்ட லிங்கத்துல ஒரு லிங்கத்த விட்டுட்டு ஓடியாந்துடுது உன் டயரு” என்றேன்.

அக்கா இரண்டு சாக்பீஸ் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த முறை டயரைத் தடவவில்லை. “சரி. அதுக்கேத்த பல்லு எது?” என்றாள்.

மலையில் யானை, ரோட்டில் எருமை

பாய் தோல்வியை ஒப்புக்கொள்ளும் விதமே தனி. “நான் அப்பவே யோசிச்சேன்” என்றார். சொன்னதோடு நிற்காமல், எங்கெங்கோ போன் போட்டு, சாக்கு விரித்து அதன்மேல் இரண்டு வகை கிரவுன் பினியனை வைத்துவிட்டார். கிரீஸ் பூசி, கறுப்பாக, கல்யாணத்துக்கு எண்ணெய் வைத்த தலைகள் மாதிரி இருந்தன.

ஒன்று நாலு எண்பத்தெட்டு. நாலு இருபத்தேழை எட்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் அச்சு அசலாக அந்த எண் வருகிறது. கணக்கு இவ்வளவு ஒழுங்காக வந்தால் எனக்கு அழுகை வரும். அதைப் போட்டால் டயர் மாற்றுவதற்கு முன் ஜீப் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். மலையும் ஏறும், ரோட்டிலும் ஓடும்.

இன்னொன்று அஞ்சு முப்பத்தெட்டு. “இதப் போட்டா மலையில யானை டாக்டரம்மா. ரோட்டுல எருமை” என்றார் பாய். “எவ்ளோ லோடு ஏத்தினாலும் மேட்டுல நிக்காது. ஆனா போளூர் ரோட்டுல மொபெட்காரன் ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்வான். தெனம் போயி வர்றதுக்கு ஆவாது. இடுப்பு போயிடும்.”

“எது போட்டாலும் முன்னும் பின்னும் ஒரே பல்லு போடணும் பாய்” என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

“முன்னாடி எதுக்கு? எப்பவோ சேத்துல மட்டும்தான அது இழுக்குது. பின்னாடி மட்டும் மாத்திடலாம், வேல கம்மி.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “பாய், முன்னங்காலு ஒரு நட, பின்னங்காலு ஒரு நட நடக்கற மாட்ட என்கிட்ட இட்டுனு வந்தா நான் இன்னா சொல்லுவேன்?”

“இன்னா சொல்லுவீங்க?”

“சீக்குனு சொல்லுவேன்.”

பாய் டீ சொல்லி அனுப்பினார். இரண்டு அச்சும் மாற்றுவதாக முடிவானது. இனி எந்தப் பல் என்பதுதான் பாக்கி.

அன்று அம்மாவும் ஷெட்டுக்கு வந்திருந்தாள். கோயிலிலிருந்து வருகிற வழியில், நெற்றியில் விபூதியோடு, எங்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு. உட்கார நாற்காலி இல்லாததால் கழற்றிப் போட்டிருந்த அந்தப் புது டயரின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அதன்மேல் அவள் ஏற முடிந்த ஒரே தடவை அது.

“நாலு எண்பத்தெட்டுதான் சரி” என்றேன் நான். “கணக்கே சொல்லுது.”

“எனக்கும் அதான் தோணுது” என்றார் பாய். “ஆனா ஓட்றவங்க சொல்லணும். டாக்டரம்மா, நீங்க ஜாஸ்தி எங்க ஓட்டுவீங்க? மேலயா, கீழயா? எங்க ஜாஸ்தியோ அதுக்குத்தான் பல்லு.”

எந்த மெக்கானிக்கும் கேட்கிற கேள்விதான். அக்கா சாக்கின் பக்கத்தில் குந்தி, அஞ்சு முப்பத்தெட்டின் ஒரு பல்லை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மேலதான் பாய்” என்றாள்.

“தெனம் கீழ வந்து போறீங்களே?”

“இனிமே வரல பாய். அங்கயே ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம மட்டும் வருவேன்.”

அவள் பாயைப் பார்த்துத்தான் சொன்னாள். பதில் பாய்க்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது, பாய்க்கும் தெரிந்தது. அவர் ஸ்பானரை எடுத்து, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். நான் என் எட்டையும் ஏழையும் மறந்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தூக்கின் மூடியைத் திறந்தாள். மூடினாள்.

“ஏம்பா” என்று பாயைக் கூப்பிட்டாள். “அந்த ரெண்டாவது இருக்குதே, அதப் போட்டா மலை எறங்கும்போது எப்படி? வண்டி ஓடிப்புடுமா?”

“ஓடாதும்மா. இதுல இன்ஜினே இழுத்துப் புடிச்சுக்கும். பிரேக்குல கால் வைக்கற வேல பாதி கம்மி. எறங்கறதுக்கு அதவிட நல்லது இல்ல.”

“நெஜமா?”

“அல்லா மேல.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு. படிச்சவதான?”

“நெஜம்தாம்மா” என்றேன். நிஜம்தான்.

“அப்ப அதையே போடு” என்று அம்மா டயரிலிருந்து எழுந்தாள். புடவையில் வட்டமாகக் கரி. “சோறு ஆறுது. கை கழுவினு வாங்க.”

எருமைச் சவாரி

ரூமில் அக்காவைக் கொண்டுபோய் விட நாங்கள் மூவரும் கிளம்பினோம். அம்மா முக்காலி போட்டு முன்சீட்டில் ஏறினாள். எனக்குப் பின்னால் இடம்: கோரைப்பாய், தலையணை, மிளகாய்ப்பொடி டப்பாக்கள், மடியில் வழக்கம்போல ஐஸ் பெட்டி.

போளூர் ரோட்டில் அன்வர் பாய் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. இன்ஜின் கத்துகிற கத்தலுக்கு நாங்கள் விமானம் மாதிரிப் போயிருக்க வேண்டும். வைக்கோல் ஏற்றிய வேன் முந்தியது. பள்ளிக்கூட வேன் முந்தியது. பிள்ளைகள் எங்களுக்குக் கையாட்டினார்கள். கடைசியில் ஒரு மொபெட். ஓட்டியவருக்குப் பின்னால் இரண்டு கோழிகள் தலைகீழாகத் தொங்கின. அவை எங்களைப் பார்த்தது எனக்கென்னவோ இளப்பமாகப் பட்டது.

“இதுக்கு மேல போவாதா?” என்று அம்மா கத்தினாள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச முடியும்.

“போவாதும்மா!”

“நீ கீழ்பென்னாத்தூர் கேட்டிருந்தா இந்நேரம் போயி, வேலையும் முடிச்சு, வீட்டுக்கு வந்திருப்ப!”

“ஆமாம்மா!”

“ஆமாவாம்!” என்றாள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து. அந்தக் கத்தலிலேயே ரூமில் தண்ணீர் வருமா, பக்கத்து வீட்டில் யார், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். வீட்டில் இருந்திருந்தால் இதையெல்லாம் அக்கா பாதி கேட்டதும் எழுந்து போயிருப்பாள். ஜீப்பை ஓட்டிக்கொண்டு எங்கே போவது?

ஜீப் மலை ஏற ஆரம்பித்தது. இன்ஜினின் குரல் மாறியது. கத்தல் போய், அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம். முதல் வளைவு. இரண்டாம் கியரிலேயே ஏறியது. அடுத்தது. அக்கா என்னைக் கண்ணாடியில் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அதற்கடுத்து அந்த வளைவு. நான் போட்ட கல் ரோட்டு ஓரத்தில் இன்னும் கிடந்ததா என்று பார்க்க நேரமில்லை, தாண்டப் போகிறோம்.

“இங்கதான நின்னுது?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா. இப்ப பாரு, எப்படி...”

“நிறுத்து.”

“இன்னாம்மா?”

“நிறுத்துனு சொல்றேன்.”

“மேட்டுலயா? யாராவது மேட்டுல நிறுத்துவாங்களா? ஏறிட்டுதான இருக்குது!”

“நான் இல்லாதப்போ ஒரு மாடு குறுக்க வந்தா நிறுத்துவ இல்ல? அது மாதிரி நிறுத்து. நிறுத்தி எடு. நான் பாக்கணும்.”

அக்கா நிறுத்தினாள். மலைச்சரிவில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்ஜின் சத்தம் குறைந்ததும் எங்கோ கீழே ஓடையில் தண்ணீர் ஓடுவது கேட்டது. அம்மா ஒரு கையால் டேஷ்போர்டையும் இன்னொரு கையால் அக்காவின் துப்பட்டா நுனியையும் பிடித்திருந்தாள். நான் பெட்டியோடு குதிக்கத் தயாராக ஒரு காலை வெளியே வைத்தேன்.

அக்கா முதல் கியர் போட்டாள். க்ளட்சை விட்டாள்.

ஜீப் பின்னால் ஒரு விரல்கூட வரவில்லை. யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது போல முன்னால் போனது. க்ளட்ச் நாற்றம் இல்லை. காட்டுப் பச்சிலை வாசனைதான்.

வளைவு முடிகிறவரை அம்மா டேஷ்போர்டை விடவில்லை. பிறகு துப்பட்டாவை விட்டாள். கசங்கிய நுனியை நீவிவிட்டாள்.

“ம்” என்றாள். “அடுத்த வளைவுலயும் ஒரு தடவ நிறுத்து.”